அலமாரியில் இருந்த வின்செஸ்டர்: ஒரு ஜாம்பி படமும் 1968-ம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அப்புறம் பாத்தீங்கன்னா"க்களில் பாதியை எடுத்துவிட்டோம். மீதி அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஹாஸ்டல் ரூம். ஒரு லேப்டாப், அதைச் சுத்தி அஞ்சு பேர். மறுநாள் லேப் எக்ஸாம், அதனால வழக்கம்போல படம் பார்த்துக்கிட்டு இருந்தோம். படம், ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. 1968-ல் வந்த கறுப்பு வெள்ளை ஹாரர் படம். யூடியூப்ல முழுசா, சட்டப்படியே, இலவசமா கிடைக்கும். அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல் ஒரு மணி நேரம் செமையா கலாய்ச்சோம். பிணங்கள் நடக்கிற வேகத்தைப் பார்த்து, "இதைவிட எங்க காலேஜ் வைஃபை வேகமாப் போகும்"னு ஒருத்தன் சொன்னான். ஆனா கடைசி அஞ்சு நிமிஷம் ரூம்ல சத்தமே இல்லை. படம் முடிஞ்சதும் ஒரு ஃப்ரெண்ட் கேட்டான்: "டேய், அவனை ஜாம்பின்னு நினைச்சு சுட்டாங்களா, இல்ல மனுஷன்னு தெரிஞ்சே சுட்டாங்களா?"

யாருக்கும் பதில் தெரியலை. இத்தனை வருஷம் கழிச்சு அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் கிளம்பினது, படத்தில் வர்ற ஒரு துப்பாக்கி வழியா. அதுதான் இன்னைக்குக் கதை.

ஸ்பாய்லர் இருக்கு. படம் வந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால மன்னிப்பு கேட்க மாட்டேன்.

அலமாரிக்குள்ளே

கதைச் சுருக்கம். அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் கல்லறைத் தோட்டத்துக்கு வர்றாங்க. செத்துப்போன ஒருத்தன் எழுந்து வந்து அண்ணனைக் கொல்றான். தங்கச்சி பார்பரா ஓடிப்போய் ஒரு பண்ணை வீட்டுக்குள்ளே புகுந்துக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பென் என்கிற ஒருவர் வண்டியில் வந்து சேர்கிறார். வந்ததுமே வேலையை ஆரம்பிக்கிறார். மேசையை உடைக்கிறார், பலகையை எடுக்கிறார், ஜன்னல்களை ஆணி அடித்து மூடுகிறார். படத்தில் மூளையைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் அவர்தான்னு நமக்குப் புரிஞ்சிடும்.

அப்போ ஒரு அலமாரியைத் திறக்கிறார். உள்ளே ஒரு துப்பாக்கி. தோட்டாவும் இருக்கு.

நான் முதல் தடவை பார்த்தப்போ, "ஹீரோவுக்கு ரொம்ப வசதியா வெச்சிருக்காங்கப்பா"ன்னுதான் தோணுச்சு. நம்ம ஊர்ல வீட்டு அலமாரியைத் திறந்தா என்ன கிடைக்கும்? பழைய போர்வை, தீபாவளிக்கு வாங்கி மிச்சமான மத்தாப்பு, மிஞ்சிப்போனா ஒட்டடைக்குச்சி. அதனாலதான் 2016-ல் தமிழில் ஜாம்பி படமா 'மிருதன்' வந்தப்போ, ஹீரோ ஒரு போலீஸ்காரர். கையில துப்பாக்கி இருக்கிறதுக்கு நம்ம கதையில ஒரு காரணம் வேணும்.

பென்சில்வேனியா கிராமத்துக்கு எந்தக் காரணமும் தேவையில்லை. படம் எடுத்தது பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில், எவன்ஸ் சிட்டி என்ற சின்ன ஊரில். மான் வேட்டைக்குப் பேர்போன மாநிலம் அது. வேட்டை சீசன் தொடங்குகிற நாளில் பல பள்ளிக்கூடங்களுக்கு லீவே விட்டிருக்காங்க. அங்கே ஒரு பண்ணை வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருப்பது, நம்ம வீட்டுச் சமையலறையில் குக்கர் இருக்கிற மாதிரி.

அலமாரியில் இருந்த துப்பாக்கி வின்செஸ்டர் மாடல் 1894. திரையில் சில நிமிஷம் உத்துப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடலாம். விசைக்குக் கீழே நீட்டமான ஒரு வளையம், குழலுக்கு அடியில் ஒட்டின மாதிரி இன்னொரு குழாய். இந்த ரெண்டு அடையாளம் போதும்.

அந்த மெஷின்

இன்ஜினியர்கிறதால ஒரு ரெண்டு நிமிஷம் இதுக்குக் கொடுங்க.

இதை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். துப்பாக்கி வரலாற்றில் அவர் பெயர் இல்லாத அத்தியாயமே கிடையாதுன்னு சொல்லலாம். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள அந்தக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். விசைக்குக் கீழே உள்ள வளையம்தான் லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்டு முடிந்த காலி உறை வெளியே துள்ளும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரும். சுத்தியலும் தயாராகிவிடும். ஒரே கை அசைவில் மூணு வேலை. மின்சாரம் இல்லை, சிக்கலான எதுவும் இல்லை. அழகான டிசைன், அதை ஒத்துக்கிட்டே ஆகணும்.

வெளிவந்த அடுத்த வருஷமே, 1895-ல், இதற்கு .30-30 என்ற தோட்டா வந்தது. அதில் இருந்தது புகையில்லா வெடிமருந்து. அதுவரை வேட்டைக்காரர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் கரிமருந்து. ஒரு தடவை சுட்டா முன்னாடி ஒரு புகைத்திரையே எழும்பும். புது மருந்தில் புகை குறைவு, வேகம் அதிகம். துப்பாக்கியோ சுமார் 3 கிலோ எடைதான். அடர்ந்த காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்க இதைவிட வசதி வேறு இல்லை.

அதனால சாதாரணக் குடியானவன் வீட்டுக்கெல்லாம் இது போய்ச் சேர்ந்தது. மொத்தம் 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பத்து லட்சமாவது துப்பாக்கியை 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பதினைந்து லட்சமாவது 1948-ல் ட்ரூமனுக்கு. இருபது லட்சமாவது 1953-ல் ஐசனோவருக்கு. மூணு ஜனாதிபதிகள்! அமெரிக்கா தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற கதையில் இந்தத் துப்பாக்கிக்கு அப்படி ஒரு இடம். கௌபாய் படங்களில் ஹீரோ கையில் லீவர் துப்பாக்கி சும்மா வருவதில்லை. "நான் நல்லவன், இது என் மண், இதை நான் காப்பாத்துவேன்" என்று அது சொல்லாமல் சொல்லும்.

இப்போ படத்துக்குத் திரும்புவோம். 1967-ன் பின்பாதியில் நடந்த படப்பிடிப்பில் அந்தத் துப்பாக்கியை எடுக்கிற பென், டுவேன் ஜோன்ஸ் என்ற நடிகர். கறுப்பினத்தவர்.

யார் கையில்?

இதை ரொமேரோ திட்டமிட்டுச் செய்யவில்லை. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரைக்கதையில் பென்னின் நிறம் எழுதப்படவே இல்லை. ஆடிஷனில் நன்றாக நடித்தவர் ஜோன்ஸ், அவரை எடுத்தார்கள். அவ்வளவுதான். ரொமேரோவுக்கு அப்போது 27 வயது. அவரும் நண்பர்களும் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன கம்பெனி. படத்துக்குச் செலவு சுமார் 1,14,000 டாலர். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைதானே, யாருக்குத் தெரியப் போகுது?

ஆனா ஜோன்ஸுக்குத் தெரிந்தது. எழுதப்பட்ட பென் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசுகிற லாரி டிரைவர். ஜோன்ஸ் நன்கு படித்தவர், பாடம் நடத்தியவர். வசனங்களை அவர் மாற்றிப் பேசினார். ஒரு காட்சியில் பென், பதற்றத்தில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணான பார்பராவை அறைய வேண்டும். கறுப்பர் ஒருவர் திரையில் அப்படிச் செய்தால் தியேட்டரில் என்ன நடக்கும் என்று ஜோன்ஸ் கவலைப்பட்டார். படக்குழுவில் மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நிறத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்கிற வசதி அவர்களுக்கு இருந்தது. அவருக்கு இல்லை.

ஏன் இல்லைன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1865. உள்நாட்டுப் போர் முடிகிறது, அடிமைமுறை ஒழிகிறது. அதே வருஷம் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போடுகிறது: விடுதலையான கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நமக்கு இது புதுசு இல்லை. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த ஆயுதச் சட்டமும் இதே வேலையைத்தான் செய்தது. இந்தியர்களுக்கு லைசென்ஸ், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. மெஷினுக்கு யார் கையில் இருக்கோம்கிற வித்தியாசம் கிடையாது. பர்மிஷன் லிஸ்டை எழுதுறது சட்டம்.

அடுத்தது 1892. இடம், டென்னசி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரம். ஊர் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும். அங்கே கறுப்பர்கள் நடத்திய ஒரு மளிகைக் கடை நல்லா ஓடுது. எதிர்க்கடைக்காரருக்குப் பொறுக்கலை. தகராறு பெரிசாகி, கடையைச் சேர்ந்த மூணு பேரை ஒரு வெள்ளைக்காரக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுக் கொல்கிறது. அவர்களில் ஒருவரான தாமஸ் மாஸ், ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளரின் நெருங்கிய நண்பர். வெல்ஸ் இதை எழுதினார், கும்பல் கொலைகளை ஊர் ஊராக ஆராய்ந்து எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை உடைத்தார்கள். அவர் மெம்ஃபிஸுக்குத் திரும்பவே முடியவில்லை.

அந்த வருஷமே அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெயர் 'சதர்ன் ஹாரர்ஸ்', அதாவது தெற்கின் பயங்கரங்கள். ஹாரர் என்ற சொல் அங்கே படத்துக்கு இல்லை, வாழ்க்கைக்கு. அந்த நூலில் அவர் தற்காப்பு பற்றிப் பேசுகிறார். கறுப்பர்கள் ஆயுதத்தோடு நின்ற ஊர்களில் கும்பல் பின்வாங்கியதைச் சுட்டிக்காட்டுகிறார். சட்டம் காப்பாற்றாத ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி இருக்க வேண்டும் என்கிறார். ஏதோ ஒரு துப்பாக்கி என்று பொதுவாகச் சொல்லவில்லை, கம்பெனி பெயரோடு சொல்கிறார். வின்செஸ்டர்.

இதைப் படிச்சப்புறம் அந்த அலமாரிக் காட்சியை என்னால பழைய மாதிரி பார்க்க முடியலை. தோட்டாவை எண்ணுகிற பென் கையில், ஜனாதிபதிகளுக்குப் பரிசாகப் போன துப்பாக்கியும் வெல்ஸ் சொன்ன துப்பாக்கியும் ஒண்ணாத்தான் இருக்கு.

வெளியே 1967

படப்பிடிப்புக்குச் சில வாரங்கள் முன்னாடி, 1967 மே 2. கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் பிளாக் பாந்தர் கட்சியைச் சேர்ந்த சுமார் 30 பேர் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். யாரையும் சுடவில்லை. அன்றைய சட்டப்படி வெளியே தெரிகிற மாதிரி துப்பாக்கி எடுத்துச் செல்வது குற்றமும் இல்லை. போலீஸ் அத்துமீறலைக் கண்காணிக்க அவர்கள் ஆயுதத்தோடு ரோந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கவே ஒரு மசோதா வந்தது, அதை எதிர்க்கத்தான் போனார்கள். ஜூலையில் அந்த மசோதா சட்டமாச்சு. கையெழுத்துப் போட்ட கவர்னர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன். பழைய சினிமா நடிகர், கௌபாய் படங்களிலும் நடித்தவர்.

அதே ஜூலையில் டெட்ராய்ட் நகரம் எரிந்தது. போலீஸ் ஒரு பாரை ரெய்டு செய்ததில் ஆரம்பித்து, ராணுவம் இறங்கி, 43 பேர் இறந்தார்கள்.

இந்த வருஷத்தில்தான், ஒரு பண்ணை வீட்டில், ஒரு கறுப்பர் வின்செஸ்டரைத் தோளில் வைத்துக் கட்டளை போடுகிற காட்சியைப் படமாக்குகிறார்கள். படத்தில் யாருமே பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது கண்ணில் பட்டிருக்கும்.

துப்பாக்கி என்ன சாதித்தது?

இந்த எபிசோடுக்காகப் படத்தை மறுபடி போட்டு ஒரு வேலை செய்தேன். அந்தத் துப்பாக்கியால் என்னென்ன நடக்குதுன்னு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதினேன். பழக்கதோஷம்.

முதல்ல, சில நடைபிணங்களை அது கொல்லுது. மூளையை அழித்தால்தான் அவை விழும் என்று டிவியில் சொல்கிறார்கள். இன்னைக்கு எல்லா ஜாம்பி கேம்லயும் ஹெட்ஷாட் அடிக்கிறோமே, அந்த விதியைப் பரப்பினது இந்தப் படம்தான். இதுக்கு முன்னாடி ஜாம்பின்னா வேற. ஹைட்டி நாட்டுக் கதைகளில் வர்ற, மந்திரவாதிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிற அடிமை. 1932-ல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் கரும்பு ஆலையில் உழைப்பவர்கள் அவர்கள். ரொமேரோ தன் படத்தில் ஜாம்பி என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. பிணம் தின்னும் பேய்கள் என்றுதான் வரும். பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ரெண்டாவது, தப்பிக்க வண்டிக்குப் பெட்ரோல் வேணும். பம்ப்புக்குச் சாவி பொருந்தலை. துப்பாக்கியால் பூட்டைச் சுட்டுத் திறக்கிறார்கள். பெட்ரோல் சிதறுகிறது, தீப்பந்தத்தில் படுகிறது, வண்டி வெடிக்கிறது. டாம், ஜூடி என்ற இளம் ஜோடி அதிலேயே எரிந்து போகிறார்கள்.

மூணாவதுதான் முக்கியம். வீட்டுக்குள்ளே ஹாரி என்று ஒரு நடுத்தர வயது வெள்ளைக்காரர் இருக்கிறார். "பாதாள அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளலாம்" என்கிறார் அவர். "மேலேயே இருந்து சமாளிக்கலாம்" என்கிறார் பென். படம் முழுக்க இந்தச் சண்டைதான். துப்பாக்கி யாரிடம் இருக்கோ அவர் சொல்றதுதான் நடக்கும்னு ஹாரிக்கு நல்லாத் தெரியும். பேய்கள் ஜன்னலை உடைத்து உள்ளே வருகிற நேரத்தில் அவர் செய்கிற வேலை, பலகையைப் பிடிப்பது இல்லை. துப்பாக்கியைப் பிடுங்கி பென்னை நோக்கி நீட்டுகிறார். பென் திரும்பப் பிடுங்கி அவரைச் சுடுகிறார்.

உயிரோடு இருக்கிற ஒரு மனிதனை அந்த வின்செஸ்டர் சுட்டது அந்த ஒரு தடவைதான். அது ஹாரியை. வேடிக்கை என்னன்னா, கடைசியில் பென் உயிர் தப்பினது ஹாரி சொன்ன அதே பாதாள அறைக்குள்ளே பூட்டிக்கொண்டதால்தான்.

துப்பாக்கி எதையும் காப்பாத்தலைங்க. அதை வெச்சிருக்கிறவர் அதிகாரத்தில் இருக்கார், அவ்வளவுதான். அதுவும் வீட்டுச் சுவருக்குள்ளே மட்டும்.

காருக்குள் ஒரு செய்தி

படம் தயாரானது. முதல் பிரதியை காரில் போட்டுக்கொண்டு விநியோகஸ்தர்களைத் தேடி நியூயார்க் கிளம்பினார் ரொமேரோ. அந்த நாள் 1968 ஏப்ரல் 4. போகிற வழியில் கார் ரேடியோவில் செய்தி: மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர், மெம்ஃபிஸ்.

ஜேம்ஸ் எர்ல் ரே என்பவன் சுட்டது ரெமிங்டன் 760 என்ற துப்பாக்கியால். அதன் விற்பனைப் பெயர் 'கேம்மாஸ்டர்'. கேம் என்றால் அங்கே வேட்டை மிருகம். இதுவும் மான் வேட்டைத் துப்பாக்கிதான். அஞ்சு நாள் முன்னாடி அலபாமாவில் ஒரு கடையில், பொய்ப் பெயரில், காசு கொடுத்து வாங்கியது. முந்தின நாள் வேறொன்றை வாங்கி, பிடிக்கலைன்னு மாற்றிக்கொண்டு போயிருக்கிறான். நாம செருப்பு மாத்துற மாதிரி.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. 1956-ல், மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்தபோது, கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். ஆமா, அகிம்சையின் அடையாளமா நாம படிச்ச அதே கிங். பிறகு அவரே யோசித்து, வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவு செய்தார். அகிம்சை அவருக்குப் பிறவியில் வந்தது இல்லை. பயத்தை எல்லாம் பார்த்துவிட்டு எடுத்த முடிவு.

ஜூன் மாதம் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்தார். அதற்கு அஞ்சு வருஷம் முன்னாடி அவர் அண்ணன் ஜான் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, பத்திரிகை விளம்பரக் கூப்பனை நிரப்பி, பொய்ப் பெயரில், 21 டாலர் 45 சென்டுக்குத் தபாலில் வரவழைத்தது. ஆன்லைன் ஆர்டர் காலத்துக்கு முன்னாடியே ஹோம் டெலிவரி! இத்தனை சாவுக்குப் பிறகுதான் 1968 அக்டோபர் 22 அன்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பது நின்றது.

அதற்கு மூணு வாரம் முன்னாடி, அக்டோபர் 1 அன்று, பிட்ஸ்பர்க்கில் இந்தப் படம் திரைக்கு வந்தது.

கடைசி குண்டு

இப்போ கிளைமாக்ஸ். இரவு முடிந்துவிட்டது. ஷெரிப் தலைமையில் ஊர்க்காரர்கள் வேட்டைத் துப்பாக்கிகளோடு வயலில் வரிசையாக வருகிறார்கள். போலீஸ் நாய்கள், மேலே ஹெலிகாப்டர். நடித்தவர்களில் நிறையப் பேர் அந்த வட்டாரத்து மக்களே. காபி குடிக்கிறார்கள், டிவிக்காரருக்குப் பேட்டி கொடுக்கிறார்கள். ஏதோ வேட்டை சீசன் முதல் நாள் மாதிரி ஒரு உற்சாகம்.

சத்தம் கேட்டு பென் பாதாள அறையிலிருந்து மேலே வருகிறார். ஜன்னலுக்குப் பக்கத்தில் மெல்ல எட்டிப் பார்க்கிறார். வெளியே ஒருத்தர் அவரைப் பார்க்கிறார். ஷெரிப் எங்கே சுட வேண்டும் என்று சொல்கிறார். நெற்றியில் ஒரே குண்டு. யாரும் குரல் கொடுக்கவில்லை. "யாரு உள்ளே?"ன்னு கேட்கவில்லை. கொக்கியில் மாட்டி உடலை இழுத்துப் போய், நெருப்பில் போடுகிறார்கள்.

இந்தக் கடைசிப் பகுதி அசையும் படமாக வராது. சொரசொரப்பான, செய்தித்தாள் புகைப்படம் மாதிரியான ஸ்டில்களாக வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கும்பல் கொலைகளைப் புகைப்படம் எடுத்து தபால் அட்டையாக விற்றார்கள். பிணத்தைச் சுற்றி ஊர்க்காரர்கள் கேமராவைப் பார்த்து நிற்பார்கள். அந்த அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஸ்டில்கள் எதை ஞாபகப்படுத்தும்னு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த முடிவை மாற்றச் சொல்லி விநியோகஸ்தர் தரப்பில் கேட்டார்கள். பென் பிழைத்தால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ரொமேரோ மறுத்தார். ஜோன்ஸும் அந்த முடிவின் பக்கம்தான் நின்றார். அத்தனை நடந்த பிறகு பென்னைச் செயற்கையாகக் காப்பாற்றினால் கறுப்பின ரசிகர்கள் நம்ப மாட்டார்கள், அவர் சாவதையே ஏற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. அது சோகத்தில் ஆசைப்பட்டுச் சொன்னது இல்லை. தன் நாட்டைத் தெரிந்தவர் சொன்னது.

அப்போ பதில் என்ன?

ஹாஸ்டல் கேள்விக்கு வருவோம். ஜாம்பின்னு நினைச்சு சுட்டாங்களா, தெரிஞ்சே சுட்டாங்களா?

ஜாம்பின்னு நினைச்சிருக்கலாம். படத்தில் அந்தப் பேய்களும் கல்லை எடுக்கும், கட்டையை எடுக்கும். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குக் குழப்பம் வர வாய்ப்பு உண்டு. ரொமேரோ இனவெறியைப் பற்றி எடுத்த காட்சி இது இல்லைன்னு அவரே சொல்லியிருக்கார். பென் வெள்ளைக்காரரா இருந்திருந்தாலும் திரைக்கதைப்படி அந்தக் குண்டு வந்திருக்கும்.

ஆனா நான் இப்போ நினைக்கிறது, கேள்வியே அது இல்லைங்கிறதுதான். வெளியே நின்றவருக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கிற அவசியமே இருக்கலை. அதுதான் பயங்கரம். தப்பா சுட்டாலும் யாரும் கேட்கப் போறதில்லை. அடுத்த உருவத்தைப் பார்த்துக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். பென் ராத்திரி முழுக்க ஒவ்வொரு தோட்டாவையும் யோசித்துச் செலவழித்தார். காலையில் வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படலை.

வெல்ஸ் துப்பாக்கி வேணும்னு சொன்னார். கிங் வேண்டாம்னு முடிவு செய்தார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. வெல்ஸ் கண்ணெதிரே சில ஊர்களில் அது உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா 1968-ல், கையில் துப்பாக்கி இல்லாமல் விடுதி பால்கனியில் நின்றவரும் செத்தார், திரையில் துப்பாக்கியோடு ஜன்னலில் நின்றவரும் செத்தார். ரெண்டு இடத்திலும் முடிவெடுத்தது எதிர்ப்பக்கத்தில் விசையில் இருந்த விரல். அந்த விரலுக்குச் சொந்தக்காரர் உங்களை மனுஷனாப் பார்க்கிறாரா என்பதை உங்க கையில் இருக்கிற எந்த மெஷினும் மாற்றாது. அதை மாற்ற வேற வேலை செய்யணும், அது மெதுவான வேலை.

சரி, படம் ஏன் இலவசம்னு சொல்றேன்னேன். முதலில் படத்துக்கு வேறு பெயர், 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. விநியோகஸ்தர் பெயரை மாற்றினப்போ, பழைய டைட்டில் கார்டில் இருந்த காப்புரிமைக் குறிப்பு புது கார்டில் விடுபட்டுப் போச்சு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குறிப்பு இல்லைன்னா உரிமையும் இல்லை. ஒரு வரி விட்டுப்போனதில் படம் உலகத்துக்கே சொந்தமாச்சு. ஒரு வரியை மறந்துட்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்பி அவஸ்தைப்பட்ட எல்லோருக்கும் ரொமேரோ வலி புரியும். 1999-ல் இதை அமெரிக்க தேசிய திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். டுவேன் ஜோன்ஸ் அதைப் பார்க்க இல்லை, 1988-ல் காலமாகிவிட்டார்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். இந்த வாரக் கடைசியில் பாருங்க. அலமாரி திறக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் பாஸ் பண்ணி அந்தத் துப்பாக்கியைப் பாருங்க. கடைசி ஸ்டில்கள் ஓடும்போது மட்டும் ஃபோனைக் கீழே வெச்சிடுங்க. பார்த்துட்டு, அந்த ஹாஸ்டல் கேள்விக்கு உங்க பதில் என்னன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. என் ஃப்ரெண்டுக்கு நான் இந்த எபிசோடைத்தான் பதிலா அனுப்பப் போறேன். பத்து வருஷம் லேட்டுன்னு திட்டுவான், பரவாயில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். வணக்கம்.